ரைபிள் குழலின் ஆயுள்: புதிய குழலைப் பேணும் முறைகள்

துப்பாக்கி சுடும் பயிற்சியில் மாணவன் ஒருவன் சுட்ட குண்டுகள் இலக்குத்தாளில் சிதறி விழுமாயின், அவனுடைய கையும் கண்ணும் மூச்சுமே முதலில் குறை கூறப்படுகின்றன. பெரும்பாலும் அது நியாயமே. ஆனால் அதே ரைபிளைக் கொண்டு அடுத்தடுத்துச் சுடும் நால்வருடைய குண்டுகளும் அதேபோல் சிதறுமாயின், குறை மாணவரிடத்தில் இல்லை, குழலில் இருக்கிறது. தேர்ச்சி பெறத்தக்க மாணவனொருவன், தான் அறியாத ஒரு குறையினால் தேர்வில் பின்தள்ளப்படுவது வருந்தத்தக்கது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய மாணவர் படையில் பள்ளி, கல்லூரி ஆசிரியர்களே இணை அதிகாரிகளாகப் பணியாற்றுகின்றனர். அப்படையின் கர்நாடக-கோவா இயக்ககம் பெங்களூரில் அமைந்துள்ளது. மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியியல் படையின் பயிற்சி மையமும் அல்சூர் ஏரியை ஒட்டி அந்நகரிலேயே இருக்கிறது. அங்கு பயிலும் வீரர்களைத் ‘தம்பி’ என்றே அழைப்பது அப்படையின் நெடுநாள் வழக்கம். இத்தகைய ஊரில் ரைபிள் குழலைப் பேணும் முறை ஆயுதக் கிடங்கின் பொறுப்பாளருக்கு மட்டுமன்றி, மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியருக்கும் தெரிந்திருத்தல் நலம்.

குழல் வெறும் துளையிட்ட இரும்புத்தடி அன்று. அதன் உட்புறத்தில் திருகுபோல் சுற்றிச் செல்லும் ஆழங்குறைந்த பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. குண்டு இவற்றைக் கவ்விக்கொண்டே முன்னேறுவதால், வெளிவரும்பொழுது பம்பரம்போல் சுழன்றுகொண்டு வருகிறது. அச்சுழற்சியே அதனைத் தலைசாயாமல் நேரே செலுத்துகிறது. பழைய .303 ரைபிளின் பள்ளங்கள் 10 அங்குலத்திற்கு ஒரு சுற்று வீதம் வெட்டப்பட்டவை. குண்டின் வேகம் வினாடிக்குச் சுமார் 2,440 அடி. இவ்விரண்டையும் கொண்டு கணக்கிட்டால், குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 2,900 முறை சுழல்வது தெரியவரும். இக்கணக்கை வகுப்பில் மாணவரையே செய்யச் சொல்லலாம். இவ்வளவு வேகமாகச் சுழலும் பொருளைக் குழலின் வாய்விளிம்பில் உள்ள ஒரு சிறு கீறலும் தடம் மாற்றிவிடக்கூடும் என்பது அப்பொழுது எளிதில் விளங்கும்.

குழலைத் தேயச் செய்வது குண்டின் உராய்வே என்று பலர் எண்ணுகின்றனர். குண்டின் பங்கு அதில் சிறிதே. உயர்வேக ரைபிளில் குழலை அரிப்பது வெடிமருந்து எரிவதால் உண்டாகும் வாயு. அதன் உஷ்ணநிலை 2,500 டிகிரி சென்டிகிரேடு அளவை எட்டக்கூடியது. எஃகோ 1,500 டிகிரிக்குள் உருகிவிடும். இந்த வெப்பம் ஆயிரத்தில் ஓரிரு பங்கு வினாடி மட்டுமே நிலைப்பதால் குழல் உருகாமல் தப்புகிறது. எனினும் அதன் உட்புறத் தோல் ஒவ்வொரு முறையும் கடுமையாகச் சூடேறி உடனே குளிர்கிறது. வாயுவிலுள்ள கரியும் நைட்ரஜனும் அத்தோலில் கலந்து அதனை நொறுங்கும் தன்மையுடையதாக்குகின்றன. காலப்போக்கில் கோடையில் வறண்ட ஏரிப்படுகையைப்போல் நுண்ணிய வெடிப்புகள் தோன்றி, துகள் துகளாகப் பெயர்ந்து போகின்றன. இவ்வரிப்பு குழலின் வாயில் தொடங்குவதில்லை; தோட்டா அறையை அடுத்துப் பள்ளங்கள் தொடங்கும் ‘தொண்டை’ப் பகுதியில் தொடங்குகிறது. வெளியிலிருந்து பார்த்து இதனை அறிய முடியாது.

வெடிமருந்துக்கும் குழலின் ஆயுளுக்கும் உள்ள தொடர்பைக் காட்ட வரலாற்றில் நல்லதொரு சான்று உண்டு. 1888இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட லீ-மெட்போர்டு ரைபிளின் உட்பள்ளங்கள் ஏழு. அவை ஆழங்குறைந்து, மூலைகள் மழுங்கியவையாய் இருந்தன. கரிமருந்தின் புகைக்கசடு மூலைகளில் தங்காதிருக்கவே அவ்வாறு அமைத்தனர். பின்னர்ப் புகையில்லா மருந்தான கார்டைட் வந்தது. அதன் வெப்பத்தை இப்பள்ளங்கள் தாங்கவில்லை. குழல்கள் விரைவில் தேய்ந்தன. எனவே 1895இல் ஐந்து ஆழமான பள்ளங்களைக் கொண்ட என்பீல்டு முறைக்கு மாறினர். லீ-என்பீல்டு என்னும் பெயர் இவ்வாறு வந்ததே. அத்துடன் மருந்தும் மாற்றப்பட்டது. முதற்கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 சதவீதம் இருந்தது; அதனை 30 சதவீதமாகக் குறைத்து, வெடிபஞ்சை 65 சதவீதமாக உயர்த்தினர். மீதி 5 சதவீதம் வாசலின். மருந்தின் உஷ்ணம் தணிந்தது. குழலின் ஆயுள் நீண்டது. நீலகிரியில் குன்னூரை அடுத்த அருவங்காட்டில் 1903இல் நிறுவப்பட்ட தொழிற்சாலை இந்த மருந்தின் பெயராலேயே கார்டைட் தொழிற்சாலை என வழங்கலாயிற்று.

மாணவர் பயிற்சியில் பயன்படும் .22 ரைபிளுக்கு இந்த நோய் ஏறக்குறைய இல்லை. 7.62 மி.மீ. இராணுவத் தோட்டாவில் அமுக்கம் சதுர அங்குலத்திற்குச் சுமார் 50,000 இராத்தல் அளவில் எழுகிறது; .22 தோட்டாவிலோ அதிகபட்சம் 24,000. (லாரிச் சக்கரத்தில் அடைக்கப்படும் காற்றின் அமுக்கம் 100 இராத்தல் அளவினது.) மருந்தின் அளவு ஒரு சிட்டிகையிலும் குறைவு. குண்டு மெல்லிய ஈயத்தாலானது. மேலே மெழுகோ கொழுப்போ பூசப்பட்டது. எனவே .22 குழல் பல பதினாயிரம் முறை சுட்ட பின்னும் நன்றாயிருக்கக்கூடும். அவ்வாறாயின் பயிற்சி ரைபிள்கள் பல விரைவில் கெடுவது எதனால்? அவற்றைக் கெடுப்பவை இரண்டு: துரு ஒன்று, துருவைப் போக்க மேற்கொள்ளும் முரட்டுச் சுத்தம் மற்றொன்று. அதிகம் சுட்டதால் கெட்டது என்று பதிவேட்டில் எழுதப்படும் .22 குழல்களில் பெரும்பாலானவை, உண்மையில் சுடாத நாட்களில் கெட்டவையே.

துருவும் ஈரமும்

பெங்களூரு கடல்மட்டத்திற்குச் சுமார் 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. கடற்காற்றின் உப்பு அங்கு இல்லை. ஆதலால் சென்னையைப்போல் இங்கு இரும்பு துருப்பிடிக்காது என்ற எண்ணம் பரவலாக உண்டு. இதில் பாதி உண்மையே உள்ளது. காற்றின் ஒப்பீரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டியதும் எஃகு துருப்பிடிப்பது விரைவடைகிறது. பெங்களூரில் ஜூன் முதல் அக்டோபர் வரை காலைவேளைகளில் ஈரப்பதம் 80 சதவீதத்திற்கு மேல் செல்வது சாதாரணம். செப்டம்பரே மழை மிகுந்த மாதம். அன்றியும் இரவில் குளிர்ந்த குழலின்மீது காலையில் வெதுவெதுப்பான ஈரக்காற்று படும்பொழுது, பனிநீர் முத்துமுத்தாக அரும்புகிறது. மோர்க்குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதுபோன்றதே இதுவும்.

பழைய தோட்டாக்களால் வரும் துருவுக்கு இதனினும் ஆழமான காரணம் உண்டு. புகையில்லா மருந்து வந்த பின், எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்திய குழல்களும் சில நாட்களில் உள்ளே துருப்பிடித்தன. எஃகின் துளைகளில் புகுந்த அமிலவாயு பின்னர் ‘வியர்த்து’ வெளிவருகிறது என்று நெடுங்காலம் நம்பினர். அமெரிக்கச் சுரங்கத்துறையின் ஆய்வாளர் வில்பர்ட் ஹஃப் 1922இல் உண்மையை விளக்கினார். குற்றம் வெடிமருந்தினுடையது அன்று. அதனைப் பற்றவைக்கும் சிறு தொப்பியிலுள்ள, பிரைமர் எனப்படும் தட்டுமருந்தினுடையது. அதில் பொட்டாசியம் குளோரேட் சேர்க்கப்பட்டிருந்தது. அது எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பாகிக் குழலெங்கும் படிகிறது. சமையல் உப்புக்கு மிக நெருங்கிய உறவுடையது இது. மழைக்காலத்தில் உப்புச்சாடியில் நீர் கசிவதை இல்லத்தரசிகள் அனைவரும் அறிவர். சமையல் உப்பு ஒப்பீரப்பதம் 75 சதவீதத்தை அடைந்ததும் காற்றிலுள்ள நீரை ஈர்த்துக் கரையத் தொடங்குகிறது. பொட்டாசியம் குளோரைடு சுமார் 85 சதவீதத்தில் அவ்வாறு கரைகிறது. உலர்ந்த பிற்பகலில் சுட்டு வைத்த ரைபிள் மாலையில் பளபளப்பாகவே இருந்து, மறுநாள் விடியலில் துருவுடன் காணப்பட்டதன் காரணம் இதுவே.

உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். ஆகவே எண்ணெயை எவ்வளவு தடவினாலும் உப்பு அதனடியில் அப்படியே கிடக்கும். .303 ரைபிளைச் சுட்டபின் குழலில் கொதிநீர் ஊற்றவேண்டும் என்ற பழைய படைவிதி இதனால் எழுந்தது. வெந்நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு செல்வதோடு, குழலையும் சூடாக்கித் தானே உலர வைத்துவிடுகிறது. அதன்பின் துடைத்து எண்ணெயிட வேண்டும். இக்காலத் தோட்டாக்களின் தட்டுமருந்தில் குளோரேட் இல்லை. ஈயச்சேர்மங்களைக் கொண்ட துருவேற்றாத மருந்துகள் 1920-களின் பிற்பகுதியிலிருந்து பரவின. எனவே .22 ரைபிளுக்கு வெந்நீர் தேவையில்லை. ஆனால் .303 இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. உத்தரப் பிரதேசக் காவல்துறை அதற்கு விடை கொடுத்ததே 2020இன் குடியரசு நாளில்தான். பழைய இருப்பிலுள்ள தோட்டா எவ்வகையினது என்று ஐயம் எழுமாயின், துருவேற்றுவது என்றே கொண்டு குழலைக் கழுவுவது அறிவுடைமை.

புதிய குழல்

தொழிற்சாலையிலிருந்து வரும் ரைபிளில் தடித்த காப்புக்கொழுப்பு பூசப்பட்டிருக்கும். முதலில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் சோதித்து, அடைப்பானைக் கழற்றிய பின்னரே மற்ற வேலைகளைத் தொடங்கவேண்டும். கொழுப்பை மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் நீக்குக. குழலுக்குள் மட்டுமன்றித் தோட்டா அறையிலும் அது மிஞ்சக்கூடாது. குழலில் தங்கிய கெட்டிக்கொழுப்பு குண்டுக்குத் தடையாகிக் குழலைப் புடைக்கச் செய்யலாம். தோட்டா அறையிலுள்ள எண்ணெய் வேறுவகைத் தீங்கு செய்யும்: சுடும்பொழுது பித்தளைக்கூடு அறையின் சுவரைப் பற்றிக்கொள்ள இயலாமல் வழுக்கி, முழு விசையையும் பின்னாலுள்ள அடைப்பானின்மேல் செலுத்திவிடும்.

புதிய குழலைப் ‘பழக்கப்படுத்துதல்’ பற்றிச் சுடுவோரிடையே நீண்ட விவாதம் உண்டு. ஒரு குண்டு சுட்டுச் சுத்தம் செய்தல், மீண்டும் ஒன்று சுட்டுச் சுத்தம் செய்தல் என்று பத்து இருபது முறை செய்தால் குழல் நீடித்து உழைக்கும் என்பது ஒரு சாரார் கொள்கை. குழல் செய்வோருள்ளேயே இதனை வலியுறுத்துவோரும் உளர். வீண்வேலை என்று தள்ளுவோரும் உளர். இதில் உண்மையான பகுதி ஒன்றுண்டு. தோட்டா அறையைக் கடையும் கருவி தொண்டைப்பகுதியில் குறுக்குக் கீறல்களை விட்டுச் செல்கிறது. செம்பு உறையிட்ட குண்டு அவற்றின்மேல் ஓடும்பொழுது சிறிது செம்பு சுரண்டப்பட்டு, முன்னே குழலில் படிகிறது. முதற்சில குண்டுகள் இக்கீறல்களை மழுக்கிவிடுகின்றன. இடையிடையே செம்பைத் துடைத்தால் இது தடையின்றி நிகழும். உயர்வேக ரைபிளுக்கு ஐந்தாறு முறை இவ்வாறு செய்வதில் தீங்கில்லை. அதற்கு மேல் செய்வது பெரும்பாலும் தோட்டாவுக்கும் துணிக்கும் கேடு. சுத்தம் செய்யும் கோல் முரடாயிருப்பின் குழலுக்கும் கேடு. ஈயக்குண்டு சுடும் .22 குழலுக்கோ இச்சடங்கு தேவையே இல்லை. மாறாக, நன்கு துடைத்த .22 குழல் முதற்சில குண்டுகளைச் சற்று விலக்கியே போடும். குண்டின் மெழுகு உட்புறத்தில் சீராகப் பரவிய பின்னரே கூட்டம் சுருங்கும். ஆகையால் தேர்வன்று, துடைத்த ரைபிளை நேரே மாணவன் கையில் கொடுக்காமல், முதலில் சில குண்டுகளைச் சுட்டபின் கொடுப்பதே முறை.

புதிய உயர்வேகக் குழலுக்கு இதனைவிடப் பெரிய உதவி, அதனை ஓய்வெடுக்க விடுவதே. சூடான குழலில் தொடர்ந்து சுடும்பொழுது தொண்டையின் அரிப்பு பன்மடங்காகிறது. குழலைக் கையால் பற்ற முடியாத சூடு ஏறுமாயின், அடைப்பானைத் திறந்துவைத்து, காற்று உள்ளே செல்லவிட்டு ஆறவிடவேண்டும். தோட்டா அறையில் தோட்டாவை இட்டு ஆறவிடுதல் கூடவே கூடாது.

சுத்தம் செய்தல்

எந்த ரைபிளையும் அடைப்பான் பக்கத்திலிருந்தே, அதாவது குண்டு செல்லும் திசையிலேயே, சுத்தம் செய்யவேண்டும். வாய்ப்பக்கமிருந்து கோலைச் செலுத்தினால் அது வாய்விளிம்பில் உராய்ந்து ஒருபுறத்தைத் தேய்த்துவிடும். குண்டைக் கடைசியாகத் தொடும் இடம் அவ்விளிம்பு. அங்கு ஒருபுறம் தேய்ந்தால், குண்டு வெளியேறும் கணத்தில் வாயு அப்பக்கம் முந்திக் கசிந்து குண்டைத் தள்ளிவிடும். தொண்டையின் அரிப்புக்கு ஆயிரக்கணக்கான குண்டுகள் வேண்டும்; வாய்விளிம்பைக் கெடுக்கவோ ஆர்வமிக்க மாணவன் ஒருவன் ஒரு மாதம் சுத்தம் செய்தால் போதும்.

கோல் ஒரே துண்டாகவும், மேற்பூச்சு உடையதாகவும், வளையாததாகவும் இருத்தல் நன்று. ஒவ்வொரு முறை வெளிவந்ததும் கோலைத் துடைக்கவேண்டும்; மணல்துகள் ஒட்டிய கோல் அரத்துக்கு நிகர். .22 தோட்டாவில் கவனிக்கத்தக்கது மற்றொன்றும் உண்டு: பல தயாரிப்புகளின் தட்டுமருந்தில் உராய்வுக்காக நுண்ணிய கண்ணாடித்தூள் கலக்கப்பட்டுள்ளது. அதன் மிச்சம் தோட்டா அறையை ஒட்டித் தங்குகிறது. துணியை முன்னும் பின்னும் இழுத்தால் இத்தூளைக் கொண்டே குழலைத் தேய்த்தவாறாகும். அழுக்குத் துணியை வாய்ப்பக்கம் வெளியே தள்ளிக் கழற்றிவிட்டு, வெறுங்கோலைப் பின்னே இழுத்துப் புதிய துணி மாட்டவேண்டும்.

படைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் ‘புல்த்ரூ’ கயிறு கோலைவிடப் பாதுகாப்பானது என்று கருதப்படுகிறது. அதுவும் நிபந்தனைக்கு உட்பட்டதே. கயிற்றைச் சாய்வாக இழுத்தால், கிணற்றுக்கல்லைத் தாம்புக்கயிறு அறுப்பதுபோல அது எஃகிலும் தடம் பதிக்கும். .303 ரைபிள்கள் வழங்கிய காலத்தில் ஆயுதப் பரிசோதகர்கள் இத்தேய்வைத் தனியாகவே சோதித்தனர். ஒருவர் ரைபிளைப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் குழலின் நேர்கோட்டில் ஒரே இழுப்பாக இழுக்கவேண்டும். ‘சிந்தி’ எனப்படும் பிளானல் துணியின் அளவும் காரணமின்றி விதிக்கப்பட்டதன்று. .303 குழலை உலரத் துடைக்க 4 அங்குல நீளமும் 2 அங்குல அகலமும். எண்ணெயிட அகலம் 1½ அங்குலம் மட்டுமே. இறுகிச் செல்லும் துணி அழுக்கை வழித்தெடுக்கும். சற்றுத் தளர்ந்து செல்லும் துணியே எண்ணெயைப் படலமாக விட்டுச்செல்லும்.

செம்புப் படிவை நீக்க அம்மோனியா கலந்த திரவங்கள் கிடைக்கின்றன. துணி நீலமாக வந்தால் செம்பு கரைகிறது என்று பொருள். துணிமாட்டும் முனை பித்தளையாயின் அதுவும் நீலநிறம் தரும். இதனை அறியாதவர்கள், செம்பு தீரவில்லையென்று மணிக்கணக்கில் தேய்த்துக்கொண்டிருப்பர். அத்திரவத்தைக் குழலில் இரவு முழுவதும் விட்டுவைத்தல் தவறு. .22 ரைபிளுக்கு இது தேவையற்றது; ஓரிரு துணிகளால் துடைத்து மெல்லிய எண்ணெயிட்டாலே போதும்.

இருப்பில் வைத்தல்

மழைக்காலத்தில் ரைபிளை ஒதுக்கிவைக்கும் வழக்கம் கர்நாடகத்தின் குடகு நாட்டில் பழமையானது. நாற்றுநடவுக் காலத்தில் துப்பாக்கிகளை எடுக்காமல் வைத்து, வேலை ஓய்ந்ததும் செப்டம்பர் 3ஆம் நாளை ஒட்டி வரும் கைல்போத் விழாவில் அவற்றை வெளியே எடுத்துத் துடைத்து வழிபடுகின்றனர். அப்பொழுது சூட்டப்படும் மலர் நம் செங்காந்தளே. குடகு மொழியில் அதற்குத் துப்பாக்கிப்பூ என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் உரிம விதியிலிருந்து குடகர்களுக்கு விலக்கு உண்டு. 2019இல் அவ்விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டது. பெருமழை பெய்யும் மலைநாட்டில், மழை தணியும் தறுவாயில் ஆயுதங்களை எடுத்துத் துடைப்பது பராமரிப்பு நோக்கிலும் பொருத்தமான ஏற்பாடே.

வழிபாட்டைப் பொறுத்து எச்சரிக்கை ஒன்று தேவை. ஆயுதபூஜையன்று குழலுக்கு இடும் சந்தனமும் குங்குமமும் நீரில் குழைக்கப்பட்டவை. அவற்றை மறுநாள் வரை விட்டால் அடியில் துருப்பொட்டு தோன்றும். எலுமிச்சைச் சாறு பட்டால் இன்னும் விரைவில் தோன்றும். பூஜை முடிந்த மாலையே துடைத்து எண்ணெயிட வேண்டும். வெறுங்கையின் வியர்வையும் உப்புநீரே என்பதை மறத்தலாகாது.

தோலுறையிலோ கித்தான் உறையிலோ ரைபிளை மாதக்கணக்கில் வைத்தல் நன்றன்று. அவை ஈரத்தை உறிஞ்சித் தேக்கும். குழல்வாயில் துணி அடைப்பது மிகத் தீயது. உள்ளே ஈரத்தைச் சிறைப்படுத்துவதோடு, மறந்து சுட்டால் குழல் வெடித்து உயிரிழப்பு நேரலாம். காற்றோட்டமுள்ள நிறுத்தியில், சுவரைத் தொடாமல் நிறுத்துக. மூடிய அலமாரியாயின் சிலிக்கா ஜெல் பொட்டலம் இடலாம். ஈரமுண்டு நிறம் மாறியதும் சூடேற்றி உலர்த்தினால் அது மீண்டும் பயன்படும். எண்ணெய் மிகுதியாக இடப்பட்ட ரைபிளைக் குழல்வாய் கீழ்நோக்கி இருக்குமாறு வைத்தல் ஏற்றது. இல்லையேல் எண்ணெய் வழிந்து மரக்கட்டையில் ஊறி அதனை மென்மையாக்கிவிடும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை உட்புறத்தைப் பார்த்து எண்ணெய் மாற்றுக. மீண்டும் சுடுமுன் உலர்ந்த துணியால் எண்ணெயைத் துடைத்தெடுத்தல் இன்றியமையாதது.

ஒவ்வொரு குழலுக்கும் தனிப் பதிவேடு வைத்து, சுட்ட தோட்டாக்களின் எண்ணிக்கை, தோட்டா வகை, சுத்தம் செய்த நாள், செய்தவர் பெயர் ஆகியவற்றைக் குறித்துவரவேண்டும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை, நன்கு பயின்ற ஒருவரைக் கொண்டு மணல்மூட்டையின்மேல் தாங்கிவைத்து, ஒரே வகைத் தோட்டாவால் ஐந்து குண்டுகள் சுடச்செய்து, இலக்குத்தாளை அப்பதிவேட்டிலேயே ஒட்டிவைக்கலாம். கூட்டம் படிப்படியாக விரிவது தேய்வைக் காட்டும். திடீரென விரிந்தால் முதலில் திருகுகளையும் காட்சிமுனையையும் வாய்விளிம்பையும் பார்க்கவேண்டும். குண்டு தாளில் வட்டமாகத் துளையிடாமல் நீளவாட்டத்தில் கிழித்திருந்தால், அது சுழற்சியின்றிப் பக்கவாட்டில் சென்றிருக்கிறது என்று பொருள். அந்த ரைபிளை அன்றே ஒதுக்கி ஆயுதப் பழுதுபார்ப்போரிடம் அனுப்புக.

சுத்தம் செய்த துணிகளில் ஈயம் படிந்திருக்கும். அவற்றை வகுப்பறைக் குப்பையில் போடாமல் தனியே சேர்த்து அகற்றவேண்டும். சுடுதளத்தில் சிற்றுண்டி வழங்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. மாணவர் சோப்பிட்டுக் கை கழுவிய பின்னரே அதனை வழங்குதல் வேண்டும்.